குமாரமங்கலம் டாக்டர் ப. சுப்பராயன்



ஆண்டு மலரில் இமாம்கள், இறைநேசர்கள், மார்க்க மேதைகள் ஆகியோரின் வாழ்வை எழுதுவதே நம் வழக்கம். இம்முறை, நம் மார்க்கத்தைச் சாராத, ஆனால் நம் மண்ணைச் சேர்ந்த ஒருவரைப் பற்றி எழுத விழைகிறோம். நம் மஹல்லாப் பிள்ளைகள் கல்லூரிப் படிகளில் ஏறத் தொடங்கியிருக்கும் காலம் இது. படித்த படிப்பைக் கொண்டு ஒரு மனிதர் பிறந்த மண்ணுக்கும் பிற மக்களுக்கும் என்ன செய்ய இயலும் என்பதற்கு எடுத்துக்காட்டைத் தேடி நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. திருச்செங்கோட்டிற்கு அருகிலுள்ள குமாரமங்கலம் வரை சென்றாலே போதும்.

அவ்வூர் ஜமீன் குடும்பத்தில் 1889ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள் பிறந்தவர் சுப்பராயன். அன்று அது சேலம் ஜில்லா. 1997இல் பிரிக்கப்பட்ட பின் நாமக்கல் மாவட்டம். நிலமும் செல்வாக்கும் உள்ள வீட்டுப் பிள்ளைக்குப் படித்துத்தான் பிழைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அவரோ சென்னை மாநிலக் கல்லூரியிலும் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்று, பின்னர் கடல் கடந்து ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வாதாம் கல்லூரியில் சேர்ந்தார். பாரிஸ்டர் பட்டமும் பெற்றார். அவருடைய பெயருக்கு முன் உள்ள டாக்டர் என்பதைக் கண்டு அவரை மருத்துவர் என்று எண்ணுவோர் உண்டு. அது டப்ளின் பல்கலைக்கழகம் சட்டத்துறையில் அளித்த பட்டமாகும்.

1912இல் அவர் மணந்துகொண்ட ராதாபாய் அம்மையார், மங்களூரில் தாழ்த்தப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் நடத்திய குத்முல் ரங்கராவ் அவர்களின் மகள். மொழியாலும் சாதியாலும் வேறுபட்ட இரு குடும்பங்களின் அத்திருமணம் அக்காலத்தில் எளிதாக நடந்துவிடக் கூடியதன்று. 1930இல் இலண்டனில் கூடிய முதல் வட்டமேசை மாநாட்டில் இந்தியப் பெண்களின் சார்பில் இருவர் மட்டுமே கலந்துகொண்டனர். ஒருவர் பஞ்சாபைச் சேர்ந்த பேகம் ஜஹானாரா ஷா நவாஸ்; மற்றவர் இந்த ராதாபாய் அம்மையார்.

1920ஆம் ஆண்டிலிருந்தே சென்னை சட்டசபையில் இடம்பெற்றிருந்த சுப்பராயன், 1926ஆம் ஆண்டு டிசம்பரில் மாகாணத்தின் முதலமைச்சரானார். அவர் எக்கட்சியையும் சாராதவர். தேர்தலில் மிகுதியான இடங்களைப் பெற்ற சுயராஜ்யக் கட்சி பதவி ஏற்க மறுத்துவிட, ஆளுநர் கோஷன் பிரபு இவரை அழைத்தார். அன்றைய ஆட்சிமுறை இரட்டையாட்சி எனப்பட்டது. காவல், நிதி போன்ற அதிகாரமிக்க துறைகள் ஆளுநரின் நிர்வாக சபையிடமும், கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி போன்றவை அமைச்சர்களிடமும் இருந்தன. அந்நிர்வாக சபையில் நம் சமுதாயத்தைச் சேர்ந்த சர் முஹம்மது உஸ்மான் சாஹிப் அவர்கள் அப்போது உறுப்பினராக விளங்கினார்கள் என்பது இளைஞர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

1928இல் சைமன் குழுவைப் புறக்கணிப்பது பற்றிய பிணக்கில் அமைச்சர்கள் இருவர் விலகினர். சுப்பராயன் பதவியில் நீடித்தார். அதற்காகக் கடும் பழிச்சொல்லுக்கும் ஆளானார். நாட்டுப்பற்றின் அளவுகோலால் பார்த்தால் அப்பழியில் நியாயம் உண்டு என்றே நாமும் கருதுகிறோம். ஆயினும் விலகியவர்களின் இடத்தில் அமைச்சரான முத்தையா முதலியார் செய்த ஒரு காரியம், அவ்வாட்சியை மறக்க முடியாததாக ஆக்கிவிட்டது. நீதிக்கட்சி ஆட்சியில் ஆணையாகப் பிறந்தும் செயலுக்கு வராமல் கிடந்த வகுப்புவாரி உரிமையை அவர் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அரசுப் பணியில் 12 இடங்கள் காலியானால், பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, கிறித்தவர்களுக்கும் ஆங்கிலோ இந்தியர்களுக்கும் சேர்த்து 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1 என்பது அதன் கணக்கு.

இக்கணக்கைச் சற்றே நிதானித்து நோக்குமாறு ஜமாஅத்தார்களைக் கேட்டுக்கொள்கிறோம். அன்றைய சென்னை மாகாணத்தில் நம் மக்கள் நூற்றுக்கு ஏழு பேர் என்ற அளவிலேயே இருந்தனர். பன்னிரண்டில் இரண்டு என்பதோ நூற்றுக்குப் பதினாறுக்கும் மேல். ஆணையின் பெருமை முத்தையா முதலியாருக்கே உரியது என்பதை மறைக்கலாகாது. எனினும் அவரை அமைச்சராகக் கொண்டு, அவ்வாணை நிலைபெறத் துணை நின்ற ஆட்சி குமாரமங்கலத்துக்காரருடையது. நம் மக்களின் வாக்கை நம்பி வாழ வேண்டிய நிலையில் அவர் இல்லை. ஆனால் ஆணை நாற்காலியைத்தான் போட முடியும்; அதில் அமரப் படித்தவன் வேண்டும். வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி 1919இல்தான் தோன்றியது. திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரியும் சென்னை புதுக் கல்லூரியும் தோன்ற 1951 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2007இல் தமிழ்நாடு அரசு நமக்கென 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு வழங்கியபோதும் இதே கேள்விதான் நம் முன் நின்றது. நம் மஹல்லாவில் பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக் கடைக்கும் லாரிப் பட்டறைக்கும் செல்லும் பிள்ளைகளை எண்ணும்போது, அது இன்றும் நிற்கிறது.

1930இல் பதவி நீங்கிய பின், தீண்டாமையால் கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்காகச் சட்டசபையில் ஆலயப் பிரவேச மசோதா கொண்டுவர முயன்றார். 1933இல் வைசிராய் அதற்கு அனுமதி மறுத்தார். காங்கிரஸில் சேர்ந்து, 1937இல் இராஜாஜி அமைச்சரவையில் சட்டத்திற்கும் கல்விக்கும் அமைச்சரானார். அதே அமைச்சரவையில் பொதுப்பணித் துறையைக் கவனித்தவர்கள் யாகூப் ஹஸன் சேட் சாஹிப் அவர்கள்.

இங்கே அவருடைய வாழ்வின் கசப்பான பகுதி வருகிறது. 1938இல் பள்ளிகளில் ஹிந்தி கட்டாயமாக்கப்பட்டபோது கல்வி அமைச்சர் இவரே. மாகாணம் கொந்தளித்தது, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறை சென்றனர், நடராசன், தாளமுத்து என்னும் இளைஞர்கள் 1939இல் சிறைவாசத்தின்போது உயிரிழந்தனர். சட்டமன்றத்தில் முஸ்லிம் லீகின் பி. கலீபுல்லாஹ் சாஹிப் அவர்களும் இக்கட்டாயத்தை எதிர்த்தார்கள். அமைச்சரவை விலகிய பின் 1940இல் அவ்வாணை நீக்கப்பட்டது.

ஆனால் அக்கதை அத்துடன் முடியவில்லை. 1955இல் மத்திய அரசு பி.ஜி. கேர் தலைமையில் ஆட்சிமொழி ஆணையம் அமைத்தபோது சுப்பராயன் அதில் உறுப்பினர். 1956இல் அறிக்கை உருவானபோது, ஹிந்தியை விரைந்து புகுத்தும் பெரும்பான்மைக் கருத்தோடு உடன்படாமல், வங்கத்து மொழியறிஞர் சுநீதி குமார் சட்டர்ஜியும் இவரும் தனித்தனியே மறுப்புரை எழுதினர். தலைமையின் முகம் பார்த்துக் கையொப்பமிட்டிருந்தால் யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். அறுபது வயதைக் கடந்த ஒருவர், தாம் அமைச்சராயிருந்து செய்ததற்கு நேர்மாறான பக்கத்தில் நின்று எழுதினார். பட்டங்களைவிட இதனையே நாம் பெரிதாகக் கருதுகிறோம்.

இடைப்பட்ட ஆண்டுகளில் அரசியல் நிர்ணய சபை உறுப்பினராகவும், ஓமந்தூரார் அமைச்சரவையில் உள்துறை அமைச்சராகவும் இருந்தார். உலகின் மிகப்பெரிய முஸ்லிம் நாடான இந்தோனேசியா டச்சுக்காரர்களிடமிருந்து முழு ஆட்சியுரிமை பெற்றது 1949 டிசம்பரில். அக்காலத்தில் அங்கே இந்தியத் தூதராக 1951 வரை பணியாற்றியவர் இவரே. கிரிக்கெட்டிலும் ஈடுபாடு மிக்கவர். 1930களின் பிற்பகுதியிலிருந்து 1946 வரை இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் தலைவராக இருந்தார். 1957இல் திருச்செங்கோடு தொகுதி மக்கள் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர். 1959இலிருந்து 1962 வரை மத்தியப் போக்குவரத்து அமைச்சர். 1962 ஏப்ரலில் மகாராஷ்டிர ஆளுநராகி, அதே ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள், பதவியிலிருக்கும்போதே காலமானார்.

பிள்ளைகளில் ஒருவர் ஜெனரல் பி.பி. குமாரமங்கலம், 1966 முதல் 1969 வரை இந்தியத் தரைப்படையின் தளபதி. மகள் பார்வதி கிருஷ்ணன், கோவைத் தொழிலாளர்களின் தலைவராகவும் நாடாளுமன்ற உறுப்பினராகவும் விளங்கி 2014இல் மறைந்தார். ஜமீன் வீட்டில் பிறந்து பொதுவுடைமைக் கட்சியில் சேர்ந்த மற்றொரு மகன் மோகன், பின்னர் மத்திய எஃகு மற்றும் சுரங்கத்துறை அமைச்சராகி, 1973 மே 31ஆம் நாள் டெல்லி அருகே விமான விபத்தில் உயிரிழந்தார். 1986இல் சேலத்தில் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி அவர் பெயரையே தாங்கியுள்ளது. பிரசவத்திற்கும் விபத்துச் சிகிச்சைக்கும் நம் மக்கள் அல்லும் பகலும் ஓடிச் செல்லும் பெரியாஸ்பத்திரி அக்கல்லூரியைச் சேர்ந்ததே. அதன் பெயர்ப்பலகையிலுள்ள குமாரமங்கலம் என்பது திருச்செங்கோட்டுப் பக்கத்து ஊர் ஒன்றின் பெயர் என்பதை, அவ்வாயிலைக் கடந்து செல்வோரில் சிலரே அறிவர்.