எல்லாரும் ஒரு பக்கம், டெய்லர் ஒரு பக்கம்!

மேஜர் டெய்லர் பட்டாளத்தில் சேர்ந்தவர் அல்ல. அவர் ஒரு சைக்கிள் பந்தய வீரர். சைக்கிள் பந்தயத்தில் உலகப் பட்டம் வென்ற முதல் கறுப்பர் அவர்தான்.

அவரோடு பந்தயத்தில் இறங்கியவர்கள் பல சமயம் ஆளுக்கு ஆள் போட்டி போடவில்லை. ஒன்றாகக் கூட்டுச் சேர்ந்துகொண்டார்கள். யார் ஜெயித்தாலும் சரி, டெய்லர் மட்டும் ஜெயிக்கக் கூடாது என்பதே அவர்கள் எண்ணம். அத்தனை பேரையும் ஒரு தனி மனிதர் எப்படி வென்றார்? வென்ற பிறகு அவர் என்ன ஆனார்? வீரமும் கண்ணீரும் கலந்த கதை அது.

வண்டிக்காரர் மகன்

அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ் என்று ஒரு நகரம் இருக்கிறது. அங்கே 1878-ம் ஆண்டு நவம்பர் 26-ந் தேதி டெய்லர் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் மார்ஷல் வால்டர் டெய்லர். வீட்டில் எட்டுக் குழந்தைகள். கறுப்பர்களை ஆடுமாடுகளைப் போல விலைக்கு விற்ற அடிமை முறை ஒழிந்து அப்போது 13 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. சட்டம் மாறிவிட்டது, மனிதர்களின் மனம் மாறவில்லை.

தந்தை, சவுத்தார்ட் என்ற பணக்கார வெள்ளையர் வீட்டில் குதிரை வண்டி ஓட்டினார். சிறுவன் டெய்லரும் அவரோடு போவான். அந்த வீட்டுப் பையனுக்கும் இவனுக்கும் ஒரே வயது. இருவரும் இணைபிரியாத தோழர்கள் ஆனார்கள். டெய்லர் அந்த வீட்டிலேயே தங்கி வளர்ந்தான். அவர்கள் அவனுக்கு ஒரு சைக்கிளும் வாங்கிக் கொடுத்தார்கள்.

தோழர்கள் எல்லாரும் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போவார்கள். டெய்லருக்கு மட்டும் அங்கே இடம் இல்லை. தோல் கறுப்பு என்பதுதான் காரணம். மற்றவர்கள் விளையாடுவதை அவன் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். அந்தச் சின்ன வயதிலேயே நெஞ்சில் முள் தைத்தது.

சில ஆண்டுகளில் சவுத்தார்ட் குடும்பம் சிக்காகோவுக்குப் போய்விட்டது. மகனைப் பிரியத் தாய்க்கு மனமில்லை. டெய்லர் ஊரிலேயே நின்றான். பணக்கார வாழ்வு போயிற்று. சைக்கிள் மட்டும் மிஞ்சியது. அதில் ஏறி வீடு வீடாகப் பத்திரிகை போட்டான்.

மேஜர் ஆன கதை

சைக்கிளில் டெய்லர் பல வித்தைகள் பழகியிருந்தான். அதை ஒரு சைக்கிள் கடைக்காரர் பார்த்தார். உடனே வேலை கொடுத்தார். கடையைப் பெருக்கித் துடைக்க வேண்டும். பிறகு கடை வாசலில் வித்தை காட்ட வேண்டும். அப்போது அவன் போட்டுக்கொண்டது பட்டாளத்து உடுப்பு! பார்த்த ஜனங்கள் அவனை மேஜர் என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெயர் ஆயுள் முழுவதும் நிலைத்துவிட்டது.

அந்தக் கடைக்காரர்கள் 10 மைல் பந்தயம் ஒன்று நடத்தினார்கள். பரிசு தங்க மெடல். கடைக்குள்ளேயே மாட்டியிருந்த அந்த மெடலை டெய்லர் தினமும் ஆசையோடு பார்ப்பான். பந்தயத்தன்று முதலாளி வேடிக்கைக்காக அவனையும் இறக்கிவிட்டார். சிறுவன் என்பதால் மற்றவர்களுக்கு முன்பே புறப்பட விட்டார்கள். ஆனால், கடைசிவரை யாராலும் அவனைப் பிடிக்க முடியவில்லை! தங்க மெடலோடு வீடு வந்து சேர்ந்தான்.

பிரேக் இல்லாத சைக்கிள்

பந்தய சைக்கிள் நம் வீட்டு சைக்கிளைப் போன்றது அல்ல. அம்பத்தூரில் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் கம்பெனி 1949-ல் ஏற்பட்டது. ஹெர்குலிஸ் சைக்கிள்கள் அங்கிருந்து ஊரெங்கும் போயின. ஆவடி, சேக்காடு, பூந்தமல்லி பக்கத்துக் குடும்பங்களுக்கு அந்த சைக்கிளைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. பிரேக், மணி, மட்கார்டு, கேரியர் எல்லாம் அதில் உண்டு.

பந்தய மைதானத்தில் ஓட்டும் சைக்கிளில் இவை ஒன்றும் கிடையாது. பிரேக்கே இல்லை! சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றிக்கொண்டே இருக்கும். காலை அழுத்திப் பிடித்துத்தான் வேகத்தைக் குறைக்க வேண்டும். ஓடும் பாதை முட்டை வடிவத்தில் வளைந்திருக்கும். வளைவுகளில் வெளிப்பக்கம் சுவர்போல உயர்ந்திருக்கும். அந்தச் சரிவுதான் வேகமாக வருபவரை வெளியே தூக்கி எறியாமல் காக்கிறது.

இந்தப் பந்தயத்தில் காற்றுதான் பெரிய எதிரி. முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போகவேண்டும். அவரை ஒட்டிப் பின்னால் வருபவருக்குப் பாடு குறைவு. ஆகவே, கூட்டாக ஓடுபவர்கள் மாறி மாறி முன்னால் வந்து ஒருவருக்கொருவர் உதவிக்கொள்வார்கள். நான்கு பேர் ஒரு குழுவாக ஓடும் பந்தயம் ஒலிம்பிக்கிலும் உண்டு. நல்ல துணை இருந்தால் பாதி வெற்றி.

டெய்லருக்கு அந்தத் துணைதான் கிடைக்கவில்லை.

மூடிய கதவுகள்

அந்த நாளில் அமெரிக்க சைக்கிள்காரர்களுக்குப் பெரிய சங்கம் ஒன்று இருந்தது. 1894-ல் அந்தச் சங்கம் ஒரு விதி செய்தது. வெள்ளையர் மட்டுமே அங்கத்தினர் ஆகலாம் என்பதுதான் அந்த விதி. அப்போது டெய்லர் பணம் வாங்காமல் ஓடும் அமெச்சூர் வீரர். வயது 15. கறுப்பு இளைஞர்கள் தங்களுக்கென்று நடத்திய சைக்கிள் கிளப்பில் அவர் சேர்ந்தார்.

ஆனால், வெள்ளையர் எல்லாரும் ஒரே மாதிரி அல்லவே! மங்கர் என்ற பழைய பந்தய வீரர் டெய்லரின் திறமையை உணர்ந்தார். அவர் சைக்கிள் தயாரிப்பவர். கறுப்புப் பையனுக்கு ஏன் இவ்வளவு இடம் கொடுக்கிறார் என்று பலர் முகம் சுளித்தார்கள். மங்கர் பொருட்படுத்தவில்லை. 1895-ல் டெய்லரை ஊஸ்டர் என்ற நகரத்துக்கு அழைத்துப் போனார். அங்கே உடற்பயிற்சிக் கூடத்தின் கதவு டெய்லருக்குத் திறந்தது. ஊரில் உள்ள செங்குத்தான மேட்டில் சைக்கிள் ஏறிப் பழகி, கால்களை இரும்பாக்கிக்கொண்டார்.

1896 ஆகஸ்டில் பிறந்த ஊருக்கு வந்தார். அங்கிருந்த பந்தய மைதானத்தில் ஓடிப் பழைய சாதனைகளை முறியடித்தார். ஊர் மெச்சியிருக்க வேண்டும். நடந்தது என்ன? இனி அந்த மைதானத்தில் அவர் கால் வைக்கக் கூடாது என்று தடை போட்டார்கள்!

ஆறு நாள் பந்தயம்

அதே ஆண்டு டிசம்பரில் டெய்லர் பணத்துக்கு ஓடும் தொழில் வீரர் ஆனார். இடம் நியூயார்க் நகரின் மேடிசன் சதுக்க அரங்கம். ஆறு நாள் இரவு பகலாக ஓடும் கொடிய பந்தயம் அது. தூக்கம் போய், கண் இருண்டு, வீரர்கள் சுருண்டு விழுவார்கள். 18 வயது டெய்லர் 1,700 மைலுக்கு மேல் ஓட்டி எட்டாவதாக வந்தார்.

பிற்பாடு, ஒருவர் ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் ஓடக் கூடாது என்று நியூயார்க்கில் சட்டம் வந்தது. இருவர் ஜோடியாகச் சேர்ந்து, ஒருவர் ஓட மற்றவர் இளைப்பாறும் வழக்கம் அப்படித்தான் பிறந்தது. அந்த ஜோடிப் பந்தயத்துக்கு மேடிசன் என்றே பெயர். இன்றும் அது ஒலிம்பிக்கில் இருக்கிறது.

கழுத்தை நெரித்தார்கள்

டெய்லரின் பலம் குறுகிய தூர ஓட்டத்தில் இருந்தது. கடைசி நேரத்தில் அம்புபோலப் பாய்வார். அதைத் தடுக்க எதிரிகள் ஒரு தந்திரம் செய்தார்கள். முன்னால் ஒருவர், பக்கத்தில் ஒருவர், பின்னால் ஒருவர் என்று அவரைச் சூழ்ந்துகொள்வார்கள். அவர் வெளியே வர முடியாமல் தவிக்கும்போது மற்றொருவர் ஓடி ஜெயிப்பார். டெய்லர் சளைக்கவில்லை. சிறு சந்து கிடைத்தாலும் நுழைந்து வெளியே வரக் கற்றுக்கொண்டார். சில சமயம் யாரும் சூழ்ந்துகொள்ளும் முன்பே முன்னால் பாய்ந்துவிடுவார்.

1897 செப்டம்பரில் டாண்டன் என்ற ஊரில் பந்தயம் முடிந்தது. தோற்ற பெக்கர் என்பவர் டெய்லரைக் கீழே தள்ளிக் கழுத்தை நெரித்தார். டெய்லர் மூர்ச்சையாகிவிட்டார். பெக்கருக்குக் கிடைத்த தண்டனை 50 டாலர் அபராதம்! தெற்குப் பகுதியிலோ டெய்லரைப் பந்தயத்திலேயே சேர்க்கவில்லை.

இத்தனை நடந்தும் அவர் கைநீட்டவில்லை. கால்களால் பதில் சொன்னார்.

உலகப் பட்டம்

1899-ம் ஆண்டு ஆகஸ்டு 10-ந் தேதி. கனடா நாட்டின் மான்ட்ரியால் நகரில் உலகச் சைக்கிள் பந்தயம் நடந்தது. ஒரு மைல் ஓட்டத்தில் டெய்லர் முதலாவதாக வந்தார். அப்போது அவருக்கு வயது 20! அதே ஆண்டு நவம்பரில், முன்னால் சென்ற நீராவி வண்டியைத் தொடர்ந்து ஒரு மைலை 1 நிமிஷம் 19 விநாடியில் ஓட்டினார். மணிக்கு 45 மைல் வேகம்! 1900-ல் அமெரிக்க சாம்பியன் பட்டமும் கிடைத்தது.

தாயின் பக்தி அவர் மனத்தில் ஊறியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கடவுளுக்கு உரியது என்று நினைத்தார். ஐரோப்பாவிலோ பெரிய பந்தயங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் நடந்தன. ஆயிரக்கணக்கில் டாலர் தருவதாக ஆசை காட்டியும் அவர் மறுத்துவிட்டார். கடைசியில் பந்தயக்காரர்களே இறங்கி வந்தார்கள். 1901-ல் வேறு நாட்களில் பந்தயம் வைத்து அவரை அழைத்தார்கள்.

பாரீஸ் நகரில் பிரெஞ்சு வீரர் ஜாக்லினோடு மோதினார். மே 16-ந் தேதி குளிர் வாட்டியது. டெய்லர் தோற்றார். 27-ந் தேதி மறுபடி மோதி ஜெயித்தார். பாரீஸ் ஜனங்கள் அவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடினார்கள்.

பிறகு ஆஸ்திரேலியாவுக்கும் போய் வெற்றி பெற்றார். 1904-ல் சிட்னி நகரில் அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஊரின் பெயரையே சேர்த்து ரீட்டா சிட்னி என்று பெயர் வைத்தார்.

செல்வம் கரைந்தது

ஓயாத பகையால் உடலும் மனமும் தளர்ந்தன. 1910-ல் பந்தயத்தை விட்டார். சம்பாதித்ததைத் தொழில்களில் போட்டார். அவை கைகொடுக்கவில்லை. உடல் நலம் கெட்டது. வீட்டையும் விற்க நேர்ந்தது. தம் வாழ்க்கையைத் தாமே எழுதிச் சொந்தச் செலவில் புத்தகமாக அச்சிட்டார். சிக்காகோவில் அதை வீடு வீடாகத் தூக்கிச் சென்று விற்றார். சிறுவயதில் பத்திரிகை போட்டவர், முதுமையில் புத்தகம் சுமந்தார். மனைவியும் மகளும் உடன் இல்லை.

1932-ம் ஆண்டு ஜூன் 21-ந் தேதி தர்ம ஆஸ்பத்திரியில் காலமானார். வயது 53. உடலைக் கேட்டு யாரும் வரவில்லை. ஏழைகளைப் புதைக்கும் இடத்தில், பெயர்கூட இல்லாமல் புதைத்தார்கள்.

கூட்டம் வந்தது

பதினாறு ஆண்டுகள் சென்றன. பழைய சைக்கிள் பந்தய வீரர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். டெய்லரின் நிலை அவர்கள் மனத்தை உறுத்தியது. ஷ்வின் என்ற சைக்கிள் கம்பெனி முதலாளி பணம் கொடுத்தார். 1948 மே மாதம் அவருடைய உடலை எடுத்து நல்ல இடத்தில் அடக்கம் செய்து, வெண்கலத் தகட்டில் பெயர் பொறித்தார்கள். சுதந்திர இந்தியாவின் சைக்கிள் வீரர்கள் லண்டன் ஒலிம்பிக்கில் ஓடியதும் அதே ஆண்டில்தான்.

1982-ல் இண்டியானாபோலிஸ் நகரில் புதிதாக ஒரு சைக்கிள் பந்தய மைதானம் கட்டினார்கள். அதற்கு மேஜர் டெய்லர் பெயரையே வைத்தார்கள். கால் வைக்கக் கூடாது என்று அவரைத் துரத்திய அதே ஊர்! இன்று எந்த நிறத்துப் பிள்ளை அங்கே ஓட வந்தாலும், டெய்லரின் பெயரைக் கடந்துதான் உள்ளே போக வேண்டும்.