நட்பே முதலாக

பழனி மலையில் வடகவுஞ்சி போன்றதோர் ஊரிலே காப்பிக்கொட்டையோ மலைவாழையோ வாங்கி விற்கச் சிறு வியாபாரம் தொடங்க எண்ணும் இளைஞன் முதலில் நாடுவது தன் நண்பர்களையும் உறவினரையுமேயாம். பாங்கிக்காரர் அவனை அறியார், ஊரார் அறிவர். இந்நம்பிக்கையே ஏழையின் மூலதனம். இதன் வலிமை எவ்வளவு, இதன் எல்லை யாது என்பவற்றை ஸ்ரீ ஜி. சுப்பிரமணிய ஐயரின் சரித்திரம் நமக்குத் தெளிவாகக் காட்டுகின்றது.

ஐயர் 1855-ஆம் ஆண்டில் திருவையாற்றில் பிறந்தவர். சென்னையில் உபாத்தியாயராக இருந்தவர். 1878-இல் ஸ்ரீ டி. முத்துசாமி ஐயர் ஹைகோர்ட்டு நீதிபதியாக நியமனம் பெற்றபோது, ஆங்கிலேயரின் பத்திரிகைகள் அதனைக் கண்டித்தெழுதின. மறுமொழி கூற நம்மவர் கையில் வலிய பத்திரிகை இல்லை. திருவல்லிக்கேணி இலக்கியச் சங்கத்தில் கூடிப் பழகிய அறுவர் அக்குறையை நீக்க முற்பட்டனர். ஐயரும் ஸ்ரீ எம். வீரராகவாசாரியாரும் உபாத்தியாயர்கள்; ஏனைய நால்வரும் சட்ட மாணவர்கள். அவர்கள் ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா கடன் வாங்கித் தங்கசாலைத் தெரு ஸ்ரீநிதி அச்சுக்கூடத்தில் 80 பிரதிகள் அச்சிட்டு, அவ்வாண்டு செப்டம்பர் 20-இல் ‘ஹிந்து’வை வெளியிட்டனர்.

சட்டம் பயின்றோர் விரைவில் வக்கீல் தொழிலுக்குச் சென்றனர். எஞ்சிய இருவரும் பொறுப்பைப் பகிர்ந்துகொண்டனர்: எழுத்து ஐயருடையது, நிர்வாகம் ஆசாரியாருடையது. வாரப் பத்திரிகை 1883-இல் வாரம் மும்முறையும், 1889-இல் தினந்தோறும் வெளிவரலாயிற்று. இடையே 1882-இல் ஐயர் ‘சுதேசமித்திர’னையும் தோற்றுவித்தார்.

ஆயினும் நட்பினால் எழுந்த தொழிலுக்கு நட்பொன்றே என்றும் தூணாகாது. 1889-இல் ஐயர், பால்ய விதவையான தம் மகளுக்கு மறுமணம் செய்வித்தார். சுற்றத்தார் அவரை ஒதுக்கினர். சமூகச் சீர்திருத்தம் பற்றி அவர் அஞ்சாது எழுதியதைச் சந்தாதாரர் பலர் விரும்பவில்லை. வருவாயைக் காக்கவேண்டியவருக்கும் கொள்கையைக் காக்க நின்றவருக்கும் வேற்றுமை வளர்ந்தது. 1898-இல் இருவரும் பிரிந்தனர். தாம் இருபதாண்டு வளர்த்த பெரிய பத்திரிகையை விட்டுச் சிறிய தமிழ்ப் பத்திரிகையோடு ஐயர் வெளியேறினார். அதனையே 1899-இல் தினசரியாக்கினார். 1904-இல் பாரதியாரை உதவியாசிரியராக அழைத்துக்கொண்டார். 1908-இல் சிறை புகுந்தார், 1916-இல் காலமானார்.

இச்சரித்திரத்தால் நாம் அறிவது யாது? உற்றாரிடம் உதவி கேட்பதில் இழிவில்லை. ஒன்றே முக்கால் ரூபாய்க் கடனில் பிறந்த பத்திரிகை இன்றும் வாழ்கின்றது. ஆனால் எவர் பணம், எவர் உழைப்பு, எதன்பொருட்டு இத்தொழில், பிரிய நேர்ந்தால் எது எவருக்கு என்பவற்றை நட்பு இனிதாக இருக்கும் முதல் நாளிலேயே பேசி எழுதி வைத்தல் வேண்டும். வடகவுஞ்சி இளைஞன் நண்பனிடம் கைநீட்டலாம். மற்றொரு கையில் கணக்குப் புத்தகம் இருக்கட்டும். நண்பன் நாளை விலகினும் விட்டுக்கொடுக்க இயலாதது எது என்பதும் அவன் நெஞ்சில் இன்றே தெளிவாகட்டும்.