ஒரு லட்ச ரூபாய் நந்தன்: கே.பி. சுந்தராம்பாளும் வேடங்களின் சாதியும்

டிஸ்னி நிறுவனம் 1989இல் வெளியிட்ட ‘தி லிட்டில் மெர்மெய்ட்’ கார்ட்டூன் படத்தை நடிகர்களை வைத்து மீண்டும் எடுக்கப்போவதாகவும், கடற்கன்னி வேடத்தைக் கறுப்பினப் பாடகி ஹாலி பெய்லி ஏற்பதாகவும் 2019இல் அறிவித்தபோது, உலகெங்கும் பலர் கொதித்தனர். 2023இல் படம் வெளிவந்த பின்னும் அக்கொதிப்பு தணியவில்லை. இல்லாத ஓர் உயிரினத்தின் தோல் நிறத்திற்காக இத்தனை கோபம்! யார் எந்த வேடத்தை ஏற்கலாம் என்ற கேள்வி நமக்குப் புதிதன்று. தமிழ்ப் பேசும் படம் பிறந்து நான்கே ஆண்டுகளில், 1935இல், அது இங்கே எழுந்தது. எழுந்த விதம்தான் வேறு. அதன் நடுவில் நின்றவர் கொங்கு மண்ணின் பெண் ஒருவர்.

கே.பி. சுந்தராம்பாள் 1908இல் காவிரிக்கரைக் கொடுமுடியில் பிறந்தார். அவ்வூர் அன்று கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. பெயரின் முன்னெழுத்துகளில் முதலாவது ஊர், அடுத்தது தாய் பாலாம்பாள். குடும்பத்தின் வறுமையில் ரயில் பெட்டிகளில் பாடிக் காசு பெற்ற சிறுமி, அக்குரலைக் கேட்டவர்களின் உதவியால் நாடக மேடை ஏறினார் என்பது பலராலும் சொல்லப்படும் வரலாறு. சிறு வயதிலேயே ஆண் வேடமும் பெண் வேடமும் மாறி மாறி ஏற்றார். ஸ்பெஷல் நாடக மேடையில் பால் வேறுபாடு ஒரு தடையாக இருந்ததில்லை. எட்டுக்கட்டையில் பாட வேண்டும், அவ்வளவுதான்.

இலங்கையில் நாடகம் நடத்திய காலத்தில் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவுடன் இணைந்து நடித்தார். இருவரும் 1927இல் மணந்துகொண்டனர். கிட்டப்பா பிராமணர், ஏற்கெனவே மணமானவர். அந்த உறவில் சுந்தராம்பாள் பெற்ற மதிப்பு எத்தகையது என்பதை அவர் கணவருக்கு எழுதிய கடிதங்கள் காட்டுகின்றன. 1933 டிசம்பரில், முப்பது வயதைக்கூட எட்டாமல் கிட்டப்பா இறந்தார். இருபத்தைந்து வயதுப் பெண் வெள்ளைச் சேலை உடுத்தினார். இனி எந்த ஆடவனுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார்.

திரைக்கு அவரை அழைத்தவர்கள் அந்த உறுதிக்குள் அடங்கும் வேடம் ஒன்றைத் தேட வேண்டியிருந்தது. அது நந்தன். காதலில்லை, ஜோடியில்லை, பக்தியும் பாட்டும் மட்டுமே உண்டு. மாணிக்லால் டாண்டன் இயக்கத்தில் 1935இல் வெளிவந்த ‘பக்த நந்தனார்’ படத்திற்கு அவருக்கு வழங்கப்பட்ட ஊதியம் ஒரு லட்சம் ரூபாய். அக்காலத்தில் கேள்விப்பட்டிராத தொகை அது. வேதியராக நடித்தவர் கருநாடக இசைமேதை மகாராஜபுரம் விசுவநாத ஐயர்.

இங்கே சற்று நின்று, அந்த நந்தன் யார் என்று பார்க்க வேண்டும். சேக்கிழாரின் திருநாளைப்போவார் ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்தவர். ஊர்த் தொழிலுக்கென விடப்பட்ட மானிய நிலத்தால் வாழ்ந்தவர். கோயில் முரசுகளுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் அளித்தவர். அவரை ஒரு பிராமணப் பண்ணையாரின் அடிமையாக்கி, தில்லை செல்லக் கெஞ்சிக் கெஞ்சி விடுப்புக் கேட்கவைத்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி இயற்றிய கீர்த்தனை நாடகம். இரு நூல்களிலும் முடிவு ஒன்றே: தீயில் புகுந்து உடலைத் துறந்த பிறகுதான் கோயில் அவரை ஏற்கிறது. அயோத்திதாசப் பண்டிதர் இக்கதையை அடியோடு மறுத்து, நந்தனை ஒரு பௌத்த அரசனாக எழுதினார். திரைப்படம் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பூனா ஒப்பந்தம் முடிந்து, காந்தி ஹரிஜன நிதிக்காகத் தமிழகத்தைச் சுற்றிவந்த அடுத்த ஆண்டு அது. உரிமை கேட்காமல் உருகி நிற்கும் நந்தன், அன்றைய சாதி இந்துச் சீர்திருத்தவாதிகளுக்கு மிகவும் வசதியான தலித்.

படம் தோல்வியடைந்தது. கல்கி கடுமையாக எழுதினார். ஆண் வேடத்தில் பெண் நடித்தது பொருந்தவில்லை என்ற குறை பேசப்பட்டது. மேடையில் ஏற்றதைத் திரையில் ஏற்க மறுத்த அந்த விவாதத்தில், நந்தன் பிறந்த சேரியிலிருந்து ஒருவர் அவ்வேடத்தை ஏற்றிருக்கலாமே என்ற எண்ணத்திற்கு இடமே இருக்கவில்லை. கொங்கு நாட்டையே எடுத்துக்கொள்வோம். கிணற்றில் கவலை இறைக்கத் தோல் பை தைத்துக் கொடுத்த அருந்ததியர் ஊர்தோறும் இருந்தனர். நந்தன் செய்த தோல் தொழில்தான் அது. அவர்களுக்கு ஊர்க் கோயில் வாசல் மூடியிருந்தது. சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுக்கான பொதுச் சட்டம் வர 1947 ஆயிற்று. 1942இல் ஜெமினி நிறுவனம் அதே கதையை மீண்டும் எடுத்தபோது, தேவாரப் பயிற்சியில் வளர்ந்த எம்.எம். தண்டபாணி தேசிகர் நந்தனானார். அந்தப் படம் வெற்றி பெற்றது. பெண்ணுக்குப் பதில் ஆண் வந்ததும் குறை தீர்ந்துபோயிற்று.

வேடத்திற்குப் பொருத்தமானவர் யார் என்பதைத் திறமைதான் தீர்மானிக்கிறது, சாதி அன்று என்று வாதிடுவோர் இன்றும் உண்டு. அவர்கள் பி.கே. ரோசியை நினைவில் கொள்ள வேண்டும். சுந்தராம்பாள் நந்தனாவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, ஜே.சி. டேனியல் எடுத்த ‘விகதகுமாரன்’ என்னும் முதல் மலையாளப் படத்தில் ரோசி நாயர் பெண்ணாக நடித்தார். அவர் புலையர் சமூகத்தவர். திருவனந்தபுரத்தில் தாக்குதலுக்கு ஆளாகி, தப்பியோடி, பெயர் மாற்றி நாகர்கோவிலில் வாழ்ந்து மறைந்தார். தலித்தாக நடித்த சுந்தராம்பாளுக்கு ஒரு லட்சம். நாயராக நடித்த தலித்துக்கு ஊரைவிட்டே விரட்டல். எந்த வேடத்தையும் எவரும் ஏற்கலாம் என்ற சுதந்திரம் மேலிருந்து கீழ்நோக்கி மட்டுமே ஓடிய நீர்.

இதற்காகச் சுந்தராம்பாளைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நியாயமன்று. கைம்பெண்ணின் முகத்தில் விழிப்பதே அபசகுனம் என்ற சமூகம் அது. அவருக்குத் திறந்திருந்த வாசல்கள் மிகச் சில. அவற்றின் வழியே அவர் நிமிர்ந்தே நடந்தார். காங்கிரஸ் மேடைகளில் பாடினார். 1951இல் சட்ட மேலவை உறுப்பினரானார். திரையுலகிலிருந்து சட்டமன்றம் புகுந்தோரில் அவர் முன்னோடி. அவ்விடத்தைப் பிடிக்க அவர் எவருடைய மகளாகவோ மனைவியாகவோ இருக்க வேண்டியிருக்கவில்லை.

பிறகு வந்த வேடங்களைக் கவனித்தால் ஒரு ஒழுங்கு தெரியும். 1953இல் ஒளவையார், 1964இல் ‘பூம்புகா’ரில் கவுந்தியடிகள், 1973இல் காரைக்கால் அம்மையார். எல்லோரும் இளமையையோ இல்லறத்தையோ துறந்த பெண்கள். கிட்டப்பா மறைந்த நாளில் அவர் தனக்கிட்ட வேலியைத் திரையுலகம் கடைசிவரை காத்துநின்றது. இன்னொன்றும் உண்டு. ஒளவை, ஆதி என்னும் புலைச்சியின் வயிற்றில் பிறந்தவள் என்பது நாடறிந்த கதை. ஆகச் சுந்தராம்பாளின் பெயர் சொல்லும் இரு பெரும் வேடங்களுக்கும் மூலம் சேரியில் இருக்கிறது. வள்ளலும் புலவரும் பணியும் பாட்டியாக ஒளவை வீடுதோறும் நிலைத்தாள். அவளுடைய தாய் யாரென்பதைப் பாடநூல்கள் பேசுவதில்லை.

‘துணைவன்’ படப் பாடலுக்காகத் தேசிய விருதும், 1970இல் பத்மஸ்ரீயும் பெற்ற அவர், 1980இல் மறைந்தார். கொங்கு நாடு அவரைக் கொடுமுடிக் கோகிலம் என்று இன்றும் கொண்டாடுகிறது. ‘பக்த நந்தனார்’ படத்தின் பிரதி எதுவும் எஞ்சவில்லை. அவர் நந்தனாக எப்படி நின்றார், வேதியர் முன் எப்படிக் குனிந்தார் என்பதை இனி எவரும் பார்க்க முடியாது. தேசிகர் நடித்த 1942ஆம் ஆண்டுப் படம் எஞ்சியிருக்கிறது. நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த திரை நந்தன் அவர்தான்.