சந்திரசேகர்: சிறிய அசைவைக் கணக்கிட்டவர்

சுப்பிரமணியன் சந்திரசேகர் என்றதும் நம்மில் பலருக்கு இரண்டு செய்திகள்தாம் நினைவுக்கு வரும். ஒன்று, 1983-ஆம் ஆண்டு அவர் பெற்ற நோபல் பரிசு. மற்றொன்று, சூரியனின் பொருண்மையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்ற ‘சந்திரசேகர் எல்லை’. தமிழ்ப்பள்ளியில் புதிர்ப்போட்டிக்குப் போனவர்கள் இந்த இரண்டையும் மனப்பாடம் செய்திருப்போம். அந்த எல்லைக்கான முதல் கணக்கைப் போட்டபோது அவருக்கு வயது 19. அதற்குப் பிறகு 65 ஆண்டுகள் அவர் உயிரோடு இருந்தார். அந்த நீண்ட காலத்தில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை யாரும் அதிகம் சொல்வதில்லை. அந்த மீதிக் கதையையும், அதன் நடுவே மீண்டும் மீண்டும் தலைகாட்டும் ‘நேரியலாக்கம்’ என்ற கணித உத்தியையும் பற்றியதே இக்கட்டுரை.

1910 அக்டோபர் 19-இல் லாகூரில் பிறந்தார். தந்தை சுப்பிரமணிய ஐயர் ரயில்வே கணக்குத் துறையில் உயர் அதிகாரி. சர் சி. வி. ராமன் இவருக்குச் சிற்றப்பா. தாயார் சீதாலட்சுமியைப் பற்றி நம் தமிழ் மொழிக் கழகத்தின் மலரில் ஒரு வரியாவது எழுதியாக வேண்டும். வீட்டில் பத்துப் பிள்ளைகள். அவர்களை வளர்த்துக்கொண்டே, நார்வே நாடக ஆசிரியர் இப்சனின் ‘பொம்மை வீடு’ நாடகத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவர் அவர். பிள்ளைக்கு அறிவுத் தாகத்தை ஊட்டியவரும் அவரே என்று வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

1918-இல் குடும்பம் சென்னைக்குக் குடிபெயர்ந்தது. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப்பள்ளி, பிறகு மாநிலக் கல்லூரி. கேம்பிரிட்ஜ் செல்ல அரசாங்க உபகாரச் சம்பளம் கிடைத்தபோது தாயார் கடுமையான நோயில் படுத்திருந்தார். மகன் தயங்கினார், போய்த்தான் ஆகவேண்டும் என்று வற்புறுத்தியவர் தாயார். 1930 ஜூலை 31-இல் பம்பாயிலிருந்து கப்பல் புறப்பட்டது. அடுத்த ஆண்டு மே மாதம் தாயார் இறந்தார். மகனால் திரும்பி வந்து முகம் பார்க்க முடியவில்லை.

அந்தக் கப்பல் பயணத்தில்தான் புகழ்பெற்ற கணக்கு நடந்தது. எரிபொருள் தீர்ந்துபோன நட்சத்திரம் சுருங்கி வெள்ளைக் குள்ளன் ஆகும் என்றும், எலெக்ட்ரான்களின் அழுத்தம் அதைத் தாங்கிப் பிடிக்கும் என்றும் ஃபவுலர் என்ற அறிஞர் 1926-இல் காட்டியிருந்தார். அந்த எலெக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்கினால் என்ன ஆகும் என்று சந்திரசேகர் சார்பியல் கொள்கையையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தார். ஒரு குறிப்பிட்ட பொருண்மைக்கு மேல் தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லை என்ற விடை வந்தது.

1935 ஜனவரி 11-இல் லண்டனில் அரச வானியல் கழகக் கூட்டத்தில் அவர் இதை விளக்கினார். அடுத்துப் பேச எழுந்தவர் அக்காலத்தில் வானியலின் முடிசூடா மன்னரான எடிங்டன். நட்சத்திரம் அப்படி எல்லையில்லாமல் சுருங்குவது அபத்தம் என்று அவர் கூறவே, அரங்கம் சிரித்தது. சந்திரசேகரின் கணக்கில் தவறில்லை என்பது பெரிய இயற்பியல் அறிஞர்கள் சிலருக்குத் தெரியும். தனிப்பட்ட முறையில் சொன்னார்கள். வெளிப்படையாகச் சொல்ல யாரும் முன்வரவில்லை. 24 வயது இளைஞருக்கு அது எப்படி இருந்திருக்கும்! வேறு ஒருவராக இருந்தால் வாழ்நாள் முழுவதும் சண்டை போட்டிருப்பார். அவரோ தாம் கண்டதையெல்லாம் 1939-இல் ஒரு புத்தகமாக எழுதி முடித்துவிட்டு அத்துறையை விட்டே நகர்ந்தார். எடிங்டனோடு நட்பையும் முறிக்கவில்லை.

1936-இல் கல்லூரித் தோழி லலிதாவை மணந்தார். 1937-இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் வானாய்வகத்தில் சேர்ந்தார். ஒரு துறையை எடுத்துக்கொள்வது, ஏறத்தாழ பத்தாண்டு அதில் மூழ்குவது, தடித்த ஒரு நூலை எழுதுவது, பிறகு அடுத்த துறைக்குப் போவது என்ற பழக்கம் அங்கேதான் நிலைபெற்றது. நட்சத்திரக் கூட்டங்களின் இயக்கம், ஒளிக்கதிர் பரவல் ஆகியவை முடிந்து, 1950-களில் அவர் கை வைத்தது திரவங்களின் நிலைப்புத்தன்மையில். நேரியலாக்கம் முழு வீச்சில் இறங்குவது இங்கேதான்.

அது என்ன உத்தி? கூடுதல் கணிதம் எடுத்தவர்கள் அனைவரும் அதைத் தொட்டிருக்கிறோம். இடைநிலைப்பள்ளியில் ‘ஹுக்கும் லினியர்’ என்று ஒரு பாடம் உண்டு. வளைந்த கோட்டை நேர்க்கோடாக மாற்றி எழுதும் பாடம். வகைக்கெழுவின் முடிவில் ‘சிறு மாற்றங்கள்’ என்று இன்னொரு பகுதி வரும். தேர்வுக்கு மூன்று மதிப்பெண் என்று அவசரமாகக் கடந்துபோவோம். உண்மையில் முழு உத்தியும் அந்த மூன்று மதிப்பெண்ணுக்குள் இருக்கிறது. மாற்றம் 0.01 என்றால் அதன் வர்க்கம் 0.0001. சிறியதை வைத்துக்கொள், சிறியதைச் சிறியதால் பெருக்கி வருவதை விட்டுவிடு. 10 பாகை சாய்ந்த ஊசலுக்குக் கோணத்தின் சைனுக்குப் பதில் கோணத்தையே (ரேடியனில்) போட்டால் பிழை அரை சதவீதம்தான். 60 பாகை சாய்த்தால் பிழை 20 சதவீதத்தைத் தாண்டிவிடும். எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதையும் அந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது.

திரவத்துக்கு வருவோம். அடுப்பில் வைத்த பாத்திரத்தில் கீழே உள்ள நீர் சூடாகி இலேசாகிறது, மேலே போக விரும்புகிறது. நீரின் பாகுத்தன்மையும் வெப்பக் கடத்தலும் அதைத் தடுக்கின்றன. எப்போது தடை உடைந்து நீர் புரளத் தொடங்கும்? முழுச் சமன்பாடுகளைக் காகிதத்தில் தீர்க்க யாராலும் முடியாது. ஆனால், அமைதியாக இருக்கும் நீரில் மிகச் சிறிய ஓர் அசைவு ஏற்பட்டதாக வைத்துக்கொண்டு, அசைவை அசைவால் பெருக்கும் உறுப்புகளை எல்லாம் நீக்கினால், மிஞ்சும் சமன்பாட்டைத் தீர்க்கலாம். அந்தச் சிறு அசைவு நாளடைவில் தேய்ந்தால் அமைதி நீடிக்கும். வளர்ந்தால் அமைதி குலையும். இரண்டு கெட்டியான தட்டுகளுக்கு நடுவே உள்ள திரவத்துக்கு ரேலி எண் 1708-ஐத் தொடும்போது அது குலைகிறது. இந்த வழியை 1916-இல் தொடங்கி வைத்தவர் ரேலி பிரபு.

சந்திரசேகர் அந்தப் பாத்திரத்தைச் சுழலவிட்டார், காந்தப்புலத்துக்குள்ளும் வைத்தார். எல்லாம் காகிதத்தில்தான். சுழற்சி தனியாகத் தடுக்கிறது, காந்தப்புலமும் தனியாகத் தடுக்கிறது. இரண்டும் சேர்ந்தால் தடை கூடும் என்று நினைப்போம். மாறாகக் குறையவும் கூடும் என்று கணக்கு காட்டியது. சுழலும் பாதரசத்தில் புரளல் அலைவாகவே தொடங்கும் என்றும் சொன்னார். சிக்காகோவில் ஃபுல்ட்ஸும் நாகாகாவாவும் பாதரசத்தை வைத்துச் சோதித்து 1955-இல் அதை உறுதிப்படுத்தினர். 1961-இல் வெளிவந்த நூல் 600 பக்கங்களுக்கு மேல்.

அந்த நூலின் எண் அட்டவணைகளுக்குப் பின்னால் டோனா எல்பர்ட் என்ற பெண்மணி இருக்கிறார். 1948-இல் கணக்கிடுபவராக வேலைக்குச் சேர்ந்து, மேசைக் கணக்குப் பொறியைச் சுழற்றிச் சுழற்றி அந்த எண்களைப் பெற்றவர். சில கட்டுரைகளில் இணையாசிரியராகப் பெயர் உண்டு. சுழற்சியும் காந்தமும் சேரும்போது வரும் முக்கியமான ஒரு முடிவு அவருடையது என்பதை நூலில் ஓர் அடிக்குறிப்பு மட்டும் சொல்கிறது. சந்திரசேகர் மறைக்கவில்லை, உண்மைதான். இருந்தாலும் அடிக்குறிப்பு போதுமா என்ற கேள்வி எனக்கு எழவே செய்கிறது. 2022-இல் இரண்டு ஆய்வாளர்கள் அந்த அடிக்குறிப்பைத் தேடியெடுத்து, அதற்கு எல்பர்ட் வரம்பு என்று பெயரிட்டார்கள்.

இதே உத்தி இன்று எங்கெல்லாம் வேலை செய்கிறது என்று பார்த்தால் வியப்புதான். டெங்கிலில் எங்கள் வீட்டில் கேஎல்ஐஏ-வில் இறங்கும் விமானங்களின் ஓசை கேட்கும். விமானத்தின் தானியங்கிக் கட்டுப்பாட்டை வடிவமைப்பவர்கள், சீராகப் பறக்கும் நிலையைச் சுற்றிச் சிறு அசைவுகளுக்கான நேரியல் சமன்பாட்டிலிருந்தே தொடங்குகிறார்கள். கைப்பேசியின் ஜிபிஎஸ், துணைக்கோள்களுக்கான தூரத்தை நேரியலாக்கி, விடையைத் திருத்தித் திருத்தி நாம் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்கிறது. செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சி தரும்போதும், சரிவைப் பார்த்து ஒரு சிறு அடி எடுத்துவைப்பதே நடக்கிறது.

ஆனால், விட்டுவிட்டது விட்டுவிட்டதுதான். புரளல் எப்போது தொடங்கும் என்பதை நேரியல் கணக்கு சொல்லும். பிறகு எவ்வளவு பலமாகப் புரளும் என்பதைச் சொல்லாது. குழாயில் ஓடும் நீர் இன்னும் மோசம். நேரியல் கணக்குகளின்படி அது எந்த வேகத்திலும் அமைதியாக ஓட வேண்டும். 1883-இல் மான்செஸ்டரில் ரெனால்ட்ஸ் சாயம் விட்டுப் பார்த்தபோது அது கலங்கி ஓடியது. எங்கள் பொறியியல் வகுப்பில் ரெனால்ட்ஸ் எண் 2000 என்று எழுதுகிறோமே, அது கணக்கு தந்த எண் அல்ல, சோதனை தந்த எண்.

சில வேளைகளில் கணக்கு சரியாக இருந்தும் உலகம் கவனிப்பதில்லை. வலுக்குறைந்த காந்தப்புலம்கூடச் சுழலும் திரவத்தைக் கலைத்துவிடும் என்று 1959-இல் சோவியத்தின் வெலிகோவும் 1960-இல் சந்திரசேகரும் காட்டினார்கள். கருந்துளையைச் சுற்றும் வாயுத் தட்டுகளில் நடப்பது அதுவே என்று பால்பஸும் ஹாலியும் 1991-இல் எடுத்துச் சொன்னபோதுதான் வானியலாளர்கள் திரும்பிப் பார்த்தனர்.

1964-இல் அவர் மறுபடியும் பழைய நட்சத்திரங்களிடம் வந்தார். இம்முறை கையில் இருந்தது ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல். நட்சத்திரத்தைச் சற்றே அமுக்கிவிட்டால் அது மீண்டு வருமா, வராதா என்று அதே சிறு அசைவுக் கணக்கைப் போட்டார். கருந்துளையின் அளவுக்குச் சுருங்கும் முன்பே நட்சத்திரம் நிலைகுலைந்துவிடும் என்று தெரிந்தது. அதே ஆண்டில் டூப்பருடன் சேர்ந்து வெள்ளைக் குள்ளன்களுக்கும் இதைப் பொருத்திப் பார்த்தார். 1935-இல் சிரித்த அரங்கத்துக்கு இது பதிலா என்றால், அவர் அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. 1982-இல் கேம்பிரிட்ஜில் எடிங்டன் நூற்றாண்டுச் சொற்பொழிவுகளை நிகழ்த்தி அவரைப் பெருமைப்படுத்தியவரும் இவரே.

கடைசியாக எடுத்துக்கொண்ட பெரிய துறை கருந்துளைகள். 60 வயதைத் தாண்டியபின் ஒரு புதுத் துறை! கருந்துளையை இலேசாகத் தட்டினால் அது மணியைப்போல் குறிப்பிட்ட அதிர்வெண்களில் ஒலித்து அடங்கும். 1975-இல் டெட்வெய்லருடன் சேர்ந்து அந்த அதிர்வெண்களைக் கணக்கிட்டார். கருந்துளைகள் பற்றிய நூல் 1983-இல் வெளிவந்தது. நோபல் பரிசும் அதே ஆண்டில். 1995 ஆகஸ்ட் 21-இல் சிக்காகோவில் காலமானார். லலிதா அம்மையார் நூறு வயதைக் கடந்து வாழ்ந்து 2013-இல் மறைந்தார். 2015 செப்டம்பர் 14-இல் லைகோ கருவிகள் இரண்டு கருந்துளைகள் மோதி இணைந்த அலையைப் பிடித்தன. அந்த அலையின் கடைசிச் சில ஆயிரத்தில் ஒரு வினாடிகளில், புதிதாகப் பிறந்த கருந்துளை ஒலித்து அடங்கியது பதிவாகியிருந்தது. அது நேரியல் கணக்கோடு ஒத்துப்போனது.