ஏசி முதலில் மனிதர்களுக்காக உருவாக்கப்படவில்லை... யார் இந்த வில்லிஸ் கேரியர்?

ஏசி ஓடும்போது வெளியே இருக்கும் பைப்பில் சொட்டு சொட்டாக தண்ணீர் விழுமே, கவனிச்சிருக்கீங்களா? அது அறைக் காற்றில் இருந்த ஈரப்பதம். அதை வெளியேற்றத்தான் ஏசியே பிறந்தது.

1876 நவம்பர் 26-ல் நியூயார்க் மாகாணத்தின் அங்கோலா என்ற ஊரில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் வில்லிஸ் கேரியர். சின்ன வயசில் பின்னக் கணக்கு மண்டையில் ஏறவே இல்லை. அம்மாதான் ஆப்பிளை வெட்டி வைத்து புரிய வைத்தார். 1901-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பொறியியல் முடித்ததும், பஃபலோ ஃபோர்ஜ் நிறுவனத்தில் வேலை. சம்பளம் வாரத்துக்கு 10 டாலர்.

அடுத்த வருஷமே புரூக்ளினில் இருந்த ஒரு அச்சகத்தின் பிரச்சனை இவரிடம் வந்தது. கலர் அச்சில் ஒரே தாளில் ஒவ்வொரு நிறமாக அடிக்க வேண்டும். ஆனால், காற்றில் ஈரம் ஏறினால் தாள் விரியும், காய்ந்தால் சுருங்கும். அடுத்த நிறம் இடம் மாறி விழும். தாள், மை, நேரம் எல்லாமே வீண்.

ஐஸ் வாட்டர் டம்ளரின் வெளிப்பக்கம் வியர்க்கும் இல்லையா, அதே தத்துவம்தான். குளிர்ந்த குழாய்ச் சுருள்கள் மீது காற்றைச் செலுத்தினால் ஈரம் துளியாகப் படிந்துவிடும். ஈரப்பதத்தை 55 சதவீதத்தில் நிறுத்துவதுதான் இலக்கு. 25 வயது கேரியரின் வரைபடத்தில் இருக்கும் தேதி, 1902 ஜூலை 17. அச்சகத்தில் இருந்தவர்களுக்கு குளிர்ச்சி கிடைத்தது போனஸ்!

பிறகு ஒருநாள் பிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் மூடுபனியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வேறொரு யோசனை வந்தது. குளிர்ந்த நீரைத் தூவியே காற்றை உலர்த்தினால் என்ன? கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் வேலை செய்தது. 1906-ல் காப்புரிமையும் கிடைத்தது. 1911-ல் வெப்பநிலைக்கும் ஈரப்பதத்துக்கும் உள்ள கணக்கை சூத்திரங்களாக வெளியிட்டார். ஏசி பொறியாளர்கள் இன்றைக்கும் பயன்படுத்தும் சைக்ரோமெட்ரிக் சார்ட்டுக்கு அடித்தளம் அதுதான்.

ஆனால், முதல் உலகப்போர் தொடங்கியதும் பஃபலோ ஃபோர்ஜ் இந்தத் தொழிலில் இருந்து விலக முடிவெடுத்தது. சும்மா இருப்பாரா? கேரியரும் 6 பொறியாளர்களும் சொந்த சேமிப்பைத் திரட்டினார்கள். மொத்தம் 32,600 டாலர். 1915-ல் அவர்களது கம்பெனி பிறந்தது.

அப்போது பெரிய குளிரூட்டும் இயந்திரங்களில் பரவலாக இருந்தது அம்மோனியா. கசிந்தால் விஷம். தியேட்டரில் அதை எப்படி வைப்பது? ஆபத்து குறைந்த வேறு வாயுவில் இயங்கும் சென்ட்ரிபியூகல் சில்லரை 1922-ல் அறிமுகப்படுத்தினார் கேரியர்.

உண்மையான பரீட்சை, 1925 மே மாத இறுதியில், நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தின் ரிவோலி தியேட்டரில் நடந்தது. கோடை வந்தாலே தியேட்டர்கள் காத்தாடிய காலம் அது. பாரமவுண்ட் தலைவர் அடால்ஃப் சூகோரே நேரில் பார்க்க வந்து பால்கனியில் உட்கார்ந்துவிட்டார். இங்கேதான் சிக்கல். இயந்திரம் முழு வேகம் பிடிக்கும் முன்பே கூட்டம் உள்ளே வந்துவிட்டது. எல்லார் கையிலும் விசிறி! அரங்கம் முழுக்க விசிறிகள் ஆடுவதைப் பார்த்து கேரியர் குழுவுக்கு வியர்த்திருக்கும். மெதுவாக குளிர் பரவியது. ஒவ்வொரு விசிறியாக மடியில் இறங்கியது. மக்களுக்கு இது பிடித்துப்போகும் என்று சூகோர் ஒப்புக்கொண்டார்.

1950 அக்டோபர் 7-ல், 73 வயதில் கேரியர் இறந்தபோது ஏசி பெரும்பாலும் தியேட்டர், அலுவலகம், தொழிற்சாலைகளில்தான் இருந்தது. அமெரிக்க வீடுகளுக்குள் அது வேகமாக நுழைந்தது அதற்குப் பிறகுதான்.