சென்னைக்கு கப்பலில் பனிக்கட்டி அனுப்பிய மனுஷன்! - 'ஐஸ் ராஜா' ஃபிரெடரிக் டூடரின் கதை

ஜனவரி மாச விடியற்காலை. எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில், கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடத்தில் எதிரே கட்டியிருக்கும் ஃபைபர் படகுகூடத் தெரியாத அளவுக்குப் பனிமூட்டம். ரெண்டு பசங்க போனைத் தூக்கிப் பிடித்து ரீல்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சென்னையில் ஸ்னோ ஃபால்னு கேப்ஷன் போடப்போறாங்களாம். பக்கத்தில் வலை உதறிக்கொண்டிருந்த அண்ணன் சிரித்துவிட்டு, படகில் இருந்த ஐஸ் பெட்டியைக் காட்டினார். இந்த ஊருக்குத் தெரிஞ்ச ஒரே ஸ்னோ அதுதான்.

தமிழில் ஒரு சிக்கல் இருக்கு. புல் மேல இருக்கிற ஈரமும் பனி, மூட்டமும் பனி, காஷ்மீரில் கொட்டுவதும் பனி. அதனாலேயே வருஷா வருஷம் இங்கே ஸ்னோ விழுமான்னு ஒரு ஃபார்வர்டு சுத்துது. விழாது மக்களே. ஸ்னோ கரையாமல் தரைக்கு வரணும்னா கீழே இருக்கிற காற்று பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டி இருக்கணும். சென்னையில் இதுவரை பதிவானதிலேயே மிகக் குறைந்த வெப்பநிலை 13.9 டிகிரி. அதுவும் 1895 டிசம்பரில். பக்கத்திலேயே வெதுவெதுன்னு ஒரு கடலை வெச்சுக்கிட்டு இதுக்குக் கீழே போறது கஷ்டம். ஊட்டியில் புல்வெளி வெள்ளையாகுதேன்னு கேட்டால், அது உறைபனி. வானத்திலிருந்து விழுந்தது இல்லை.

ஆனால், குளிர்காலத்தில் உறைந்த ஏரியையே வெட்டி மெட்ராஸுக்கு அனுப்பிய ஒருத்தர் இருந்தார். ஃபிரெடரிக் டூடர். 1783-ல் அமெரிக்காவின் பாஸ்டனில், வசதியான வக்கீல் வீட்டில் பிறந்தவர். சகோதரர்கள் ஹார்வர்டில் படிக்க, இவர் மட்டும் படிப்பே வேண்டாம்னு வியாபாரத்துக்குள் நுழைந்தார்.

1801-ல் உடம்பு சரியில்லாத அண்ணன் ஜான் ஹென்றியோடு கியூபாவின் ஹவானாவுக்குப் போனார். சூடான ஊருக்குப் போனால் உடம்பு தேறும் என்று நம்பித்தான் போனார்கள். அந்த வெயிலும் புழுக்கமும் ரெண்டு பேரையும் படுத்தியெடுத்தது. அண்ணன் அடுத்த வருஷமே இறந்துபோனார். சில வருஷம் கழித்து, நம்ம ஊர்க் குளத்து ஐஸை வெயில் ஊருக்கு அனுப்பினால் என்ன என்று இன்னொரு சகோதரர் வில்லியம் விளையாட்டாக ஆரம்பித்த பேச்சை, ஃபிரெடரிக் விடாமல் பிடித்துக்கொண்டார். அப்போது வயசு 22.

ஊரே சிரித்தது. ஐஸ் உருகினால் கப்பலுக்குள் தண்ணீர் நிற்கும் என்று யாரும் சரக்கு ஏற்ற மறுக்க, சொந்தமாகக் கப்பல் வாங்கினார். 1806 பிப்ரவரியில் கரீபியன் தீவான மார்டினிக்குக்குப் புறப்பட்டார். ஐஸ் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. ஆனால் அங்கே அதை வைக்க இடமில்லை. வாங்கினவங்களுக்கு என்ன செய்வதென்றும் தெரியவில்லை. கண்ணெதிரே முதலீடு தண்ணீரா ஓடிச்சு.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் கடன், கடன், மேலும் கடன். 1812, 1813 என்று ரெண்டு முறை கடனுக்காக ஜெயில். கடன்காரர்கள் கண்ணில் படாமல் கப்பலேறிய கதையும் உண்டு. இந்த மாதிரி ஆளுங்களை இன்னைக்கு ஸ்டார்ட்-அப் ஹீரோன்னு கொண்டாடுவோம். என்னைக் கேட்டால், பிடிவாதம் பாதி, வேறு வழியில்லாதது பாதி.

அவருடைய உண்மையான மூளை தெரிந்தது ஐஸைக் காப்பாத்திய விதத்தில்தான். மர மில்களில் யாரும் சீண்டாத மரத்தூளைக் கட்டிகளுக்கு நடுவே அடைத்தார். அதில் சிக்கியிருக்கும் காற்று வெளிச்சூட்டை உள்ளே விடாது. இரட்டைச் சுவர் வைத்து ஐஸ் கிடங்கு கட்டினார். 1820களில் அவரோடு சேர்ந்த நதானியேல் வையத், குதிரை இழுக்கும் ஐஸ் கலப்பை ஒன்றை உருவாக்கினார். ஏரியில் கோடு கிழித்து, செங்கல் மாதிரி ஒரே அளவில் வெட்டலாம். இடைவெளி இல்லாமல் அடுக்கலாம். அடுக்கு இறுக இறுக உருகுவது குறையும். விற்கிற இடத்திலும் தந்திரம்தான். மதுக்கடைக்காரர்களுக்கு முதலில் ஐஸை இலவசமாகக் கொடுத்துப் பழக்கினார். ஒருமுறை ஜில்லுன்னு குடிச்சவன் திரும்பவும் கேட்பான் இல்லையா?

இவ்வளவு செய்தும் அவர் கையில் இல்லாத ஒன்று இருந்தது. குளிர். பாஸ்டனில் குளிர் குறைந்த வருஷம் ஏரி சரியாக உறையாது, சரக்கும் இருக்காது. ஸ்னோ அதிகம் விழுந்தாலும் தலைவலி. ஏரி மேல் போர்வை மாதிரி மூடி, ஐஸ் தடிக்க விடாது. அதைச் சுரண்டித் தள்ளிவிட்டுத்தான் வெட்டணும்.

1833 மே மாதம் 'டஸ்கனி' கப்பல் சுமார் 180 டன் ஐஸோடு கல்கத்தாவுக்குக் கிளம்பியது. நாலு மாசப் பயணம், பூமத்திய ரேகையை ரெண்டு தடவை தாண்டணும். செப்டம்பரில் போய்ச் சேர்ந்தபோது 100 டன் அளவுக்கு மிச்சமிருந்தது! கல்கத்தா வெள்ளைக்காரர்கள் கொண்டாடித் தீர்த்தார்கள். அதற்கு முன் அவர்களுக்குக் கிடைத்தது 'ஹூக்ளி ஐஸ்'. குளிர்கால ராத்திரியில் குழியில் வைக்கோல் பரப்பி, அகலமான மண் தட்டுகளில் தண்ணீர் வைப்பார்கள். மேகமில்லாத, காற்று வறண்ட இரவில் தட்டு தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட, மேலே மெல்லிசா ஐஸ் படியும். ஈரக்காற்று வீசும் மெட்ராஸ் கடற்கரையில் இந்த வித்தையும் பலிக்காது.

அதனால்தான் இங்கே 1840களின் தொடக்கத்தில் மெரினாவை ஒட்டி டூடரின் ஐஸ் கிடங்கு எழுந்தது. அப்போது மெட்ராஸுக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல் கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கைக் கரை சேர்த்தது மசூலா படகுகள். ஆணி இல்லாமல், பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டியவை. அலையில் அடிபட்டாலும் வளைந்துகொடுக்கும், உடையாது. அதை ஓட்டியவர்கள் இந்தக் கரையோரத்து மீனவர்கள். ஐஸ் ராஜா பட்டம் பாஸ்டனுக்குப் போயிடுச்சு, அலையில் உயிரைக் கொடுத்துத் துடுப்புப் போட்டவங்க பேரு எந்த ஏட்டிலும் நிக்கலை. டூடர் ஒருநாளும் இந்தப் பக்கம் வந்ததும் இல்லை.

நடுவில் காபி விலையை வைத்துச் சூதாட்டம் மாதிரி வியாபாரம் செய்து, ரெண்டு லட்சம் டாலருக்கு மேல் கடனில் மாட்டினார். 50 வயசில்தான் கல்யாணம், பிறகு ஆறு குழந்தைகள். இந்தியாவுக்கு அனுப்பிய ஐஸ்தான் அந்தக் கடனை அடைக்கப் பெரிதும் உதவியது. முழுசா அடைக்கப் பதினைஞ்சு வருஷம் போல ஆச்சு. 1846-47 குளிர்காலத்தில் அவருடைய ஆட்கள் வால்டன் ஏரியில் ஐஸ் வெட்டியதை, கரையில் குடிசை போட்டிருந்த எழுத்தாளர் தோரோ பார்த்துக்கொண்டிருந்தார். 'வால்டன்' புத்தகத்தில் மெட்ராஸ் பெயர் வருவது அப்படித்தான்.

1864 பிப்ரவரியில், 80 வயசில் டூடர் இறந்தார். அடுத்த பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குள் மெட்ராஸிலேயே மெஷினில் ஐஸ் தயாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கப்பல் ஐஸ் வியாபாரம் முடிந்தது. கிடங்கு கைமாறி வீடானது. 1897-ல் விவேகானந்தர் அதில் ஒன்பது நாள் தங்கினார். இன்று அது விவேகானந்தர் இல்லம். பேட்டைக்கு மட்டும் பெயர் இன்னும் ஐஸ் ஹவுஸ்தான், போலீஸ் ஸ்டேஷன் உட்பட.

ஏழு மணிக்கெல்லாம் முகத்துவாரத்தில் மூட்டம் விலகி, அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் தெரிந்தன. அண்ணன் ஐஸ் பெட்டியைத் திறந்து காட்டினார். ராத்திரி அடித்துப் போட்ட ஐஸ் பாதி கரைந்திருந்தது. மீன் அதைவிடக் குறைச்சல். ஐஸ் காசு தேறுமான்னு கணக்குப் போட்டுக்கொண்டே மூடினார். பசங்க ரீலுக்கு அதற்குள் நாப்பது லைக்.