சுருதி சேராத சீமாட்டி

பாட வேண்டும் என்ற ஆசை பலருக்கு உண்டு. பாடும் குரல் சிலருக்கே வாய்க்கிறது. ஆசை மட்டும் மலையளவு இருந்து, சுருதியும் தாளமும் கூடி வராமலேயே உலகப் புகழ் பெற்றவர் அமெரிக்கச் சீமாட்டி புளோரன்ஸ் பாஸ்டர் ஜென்கின்ஸ்.

பென்சில்வேனியா மாநிலத்தில் வில்க்ஸ்-பாரி என்ற ஊரில் 1868-இல் பிறந்தார். தந்தை வசதி மிக்க வக்கீல். சிறு வயதிலேயே பியானோ வாசித்துப் பெயர் வாங்கிய மகளை, வெளிநாட்டுக்கு அனுப்பி இசை படிக்க வைக்க அவர் சம்மதிக்கவில்லை. மகள் வீட்டை விட்டு வெளியேறி ஜென்கின்ஸ் என்ற டாக்டரை மணந்தார். கணவரிடமிருந்து அவருக்குக் கிடைத்தது மேகநோய். அவரைப் பிரிந்து, பியானோ கற்றுக் கொடுத்துப் பிழைத்தார். கையில் ஏற்பட்ட காயத்தால் மேடையில் வாசிக்கும் கனவும் கலைந்தது.

1909-இல் தந்தை காலமானார். சொத்து வந்து சேர்ந்தது. நாற்பது வயதைக் கடந்த பின் நியூயார்க்கில் கச்சேரி செய்யத் தொடங்கினார். 1917-இல் வெர்டி கிளப் என்ற சங்கத்தை நிறுவினார். கலைஞர்களுக்குத் தாராளமாக உதவினார். ஆண்டுதோறும் ரிட்ஸ்-கார்ல்டன் ஓட்டலில் பாடினார். நுழைவுச் சீட்டு வேண்டியவர்களுக்கு மட்டுமே. வந்தவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கை தட்டினார்கள். துணைவராக இருந்த ஆங்கில நடிகர் செயின்ட் கிளேர் பேபீல்டு, ஏளனம் அவர் காதில் விழாமல் காத்தார். பியானோ வாசித்த காஸ்மே மக்மூன், தடுமாறும் தாளத்துக்கு ஈடுகொடுத்தார். மோசார்ட்டின் மிகக் கடினமான பாடலைக்கூடச் சொந்தச் செலவில் இசைத்தட்டில் பதிவு செய்தார் அந்த அம்மையார்.

வேலி ஒருநாள் உடைந்தது. 1944 அக்டோபர் 25 அன்று, 76-வது வயதில், புகழ்பெற்ற கார்னகி ஹாலில் பாடினார். டிக்கெட் விலைக்கு விற்கப்பட்டது; பல வாரங்களுக்கு முன்பே தீர்ந்தும் போயிற்று. பணம் கொடுத்து வந்தவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். பத்திரிகை விமர்சகர்களையும் தடுக்க முடியவில்லை. மறுநாள் அவர்கள் தயவு தாட்சண்யமின்றி எழுதினார்கள். சில நாட்களில் மாரடைப்பு வந்தது. நவம்பர் 26-இல் உயிர் பிரிந்தது.

நோயும் அதற்கு அந்நாளில் தந்த பாதரச மருந்தும் செவியைக் கெடுத்திருக்கலாம் என்று கருதுவோர் உண்டு. பணம் அவருக்கு மேடையைத் தந்தது. உண்மையைச் சொல்லும் ஒரு நண்பரைத் தரவில்லை. சொல்லியிருந்தால் பாட்டு நின்றிருக்கும். அவருடைய மகிழ்ச்சியும் நின்றிருக்கும். எது அன்பு என்பது எளிதில் தீராத வழக்கு.

2016-இல் மெரில் ஸ்ட்ரீப் நடிப்பில் அவர் கதை திரைப்படமாயிற்று. இசைத்தட்டு கேட்டுச் சிரிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அன்று நன்றாகப் பாடிய எத்தனையோ பேரின் பெயர் மறந்துவிட்டது. இவர் பெயர் நிற்கிறது.